கருவியும் கையும்

ஒரு பொருளை ஒருமுறை மட்டும் அளந்தவனுக்கு ஐயம் தோன்றுவதில்லை. மும்முறை அளந்தவனுக்கே ஐயம் தோன்றும். அவ்வையமே நல்ல தொழிலாளியை உருவாக்குவது.

தொழிற்பட்டறையில் மாணவர் மூவர், எஃகு உருளை ஒன்றின் விட்டத்தை ஒரே திருகு அளவியால் அளக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவன் 20.00 மில்லிமீட்டர் என்கிறான், மற்றொருவன் 19.98 என்கிறான், மூன்றாமவன் 20.01 என்கிறான். உருளை ஒன்று, கருவியும் ஒன்று, அளவுகளோ மூன்று! உடனே மூவரும் கருவியைப் பழிப்பர். கருவியைப் பழிக்குமுன் கையை ஆராய்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

திருகு அளவியைப் பட்டறையில் மைக்ரோமீட்டர் என்பர். அதன் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். தலைக்கோலில் 50 பிரிவுகள் உண்டு. ஆதலின் ஒரு பிரிவு, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும். அது தலைமயிரின் பருமனினும் மிகச் சிறிது. இத்துணை நுண்ணிய கருவியின்முன் நம் சிறு கவனக்குறைவும் பெரும் பிழையாகிவிடும்.

ஒருவன் திருகை இறுக முறுக்குகிறான், அளவு குறைகிறது. மற்றொருவன் பொருளைச் சரியாகத் தொடுமுன்னரே நிறுத்திவிடுகிறான், அளவு கூடுகிறது. இவ்வேறுபாட்டைப் போக்கவே கருவியின் கோடியில் ராட்செட் என்னும் சிறு பிடி அமைந்துள்ளது. அதைப் பற்றித் திருகினால், உரிய அழுத்தம் வந்ததும் அது ஒலியெழுப்பி வழுக்கும். எவர் கை பட்டாலும் அழுத்தம் ஒன்றேயாம். எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் துகளும் இடையே படிந்திருந்தாலும் அளவு மாறும். ஆகவே, துடைத்தபின் அளத்தலே முறை.

வெப்பமும் அளவை மாற்றும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டு 10 டிகிரி சூடேறினால், ஏறத்தாழ நூற்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். கடைசல் பொறியிலிருந்து எடுத்துச் சூட்டோடு அளந்த தண்டு, ஆறியபின் சுருங்கிவிடும். இதனாலன்றோ, நீள அளவுகளுக்கு உரிய வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என 1931ஆம் ஆண்டில் அனைத்துலக அளவில் வகுக்கப்பட்டது!

"எண்ணைத் தானே காட்டும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டனவே, இக்கவலை எதற்கு?" எனச் சிலர் வினவலாம். அக்கருவி கண்ணின் பிழையைப் போக்கும். இறுக்கிய கையையும் துடைக்காத தூசியையும் ஆறாத சூட்டையும் அது திருத்தாது.

கருவிக்குக் குற்றமே இல்லை என்று கூறுவதற்கில்லை. திருகை முழுதும் மூடியபோது அது சுழியைக் காட்டாவிடின், அதனைச் சுழிப்பிழை என்பர். ஆயினும், அப்பிழை ஒவ்வொரு முறையும் ஒரே அளவினது, கணக்கிட்டு நீக்கிவிடலாம். முறைக்கு முறை மாறும் கையின் பிழையை எக்கணக்கால் நீக்குவது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பட்டறை நடத்தியவர் ஹென்றி மாட்ஸ்லே. அவர் தாம் செய்த நுண்ணளவியை 'லார்டு சான்சலர்' என்று அழைத்தார். அந்நாளில் அது இங்கிலாந்தின் உயர்ந்த நீதிப்பதவி ஒன்றின் பெயர். பட்டறையில் அளவுபற்றி எழும் வழக்குகளுக்கு அக்கருவியின் சொல்லே இறுதித் தீர்ப்பு. ஆனால், நீதிபதி எத்துணை நல்லவராயினும், சான்றாளன் பொய்த்தால் தீர்ப்பும் பொய்க்குமன்றோ? கருவி நீதிபதி, அளப்பவனே சான்றாளன்.

20.00 வரவேண்டும் என முன்னரே எண்ணிக்கொண்டு, கண்ட 19.98ஐ மறைத்து எழுதுபவன் பொய்ச்சான்று கூறுபவனே. அத்தண்டு தாங்கியினுள் தளர்ந்து ஆடும், பொறி அதிரும், விரைவில் தேயும். அப்பொறியின் அருகில் நிற்கப்போகிறவன் வேறொரு தொழிலாளி. அவன் அந்த எண்ணை நம்பியே நிற்கிறான்.

மாணவர்களே, மும்முறை அளந்து பாருங்கள். மூன்றையும் கண்டவாறே எழுதுங்கள். அவை வேறுபட்டால் நாணவேண்டுவதில்லை, காரணத்தைத் தேடுங்கள். மறைத்து எழுதுவதே நாணத்தக்கது. கை பழகப் பழக மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அந்நாளில் உங்கள் அளவைப் பிறர் நம்பலாம்.