மருந்து தெளிக்குமுன் படிக்கவேண்டிய சீட்டு

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் புஞ்சைகளில், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் அடுத்தடுத்துப் பயிராகின்றன. மக்காச்சோளத்தில் தோன்றும் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க 2,4-டி என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பதுண்டு. உரிய அளவில் தெளித்தால் அது மக்காச்சோளத்துக்குக் கேடு செய்யாது. பருத்திக்கோ கொடிய விஷம். களைக்கொல்லி தெளித்த டேங்கைச் செவ்வனே கழுவாமல் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளிப்பின், அதில் தங்கிய சொற்ப எச்சமே போதும். தளிரிலைகள் அகலங் குன்றி, விரல் விரலாகப் பிரிந்து, வெண்டையிலைபோல் உருமாறும். சப்பையும் காயும் குறையும். முதலுக்கே மோசம் வந்துவிடும்.

இந்த நஷ்டம் அறியாமையால் மட்டும் விளைவதன்று. டேங்கைக் கழுவவேண்டும் என்பதை அறியாத குடியானவர் அரியர். பொழுது சாய்கிறது; மழை இருட்டுகிறது; கூலிக்குத் தெளிப்பவர் அடுத்த புஞ்சைக்கு விரைகிறார். அந்த அவசரத்தில் அறிந்ததே மறந்துபோகிறது.

இத்தகைய மறதி உழவர்க்கு மட்டும் உரியதன்று. 1935-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்காவில் போயிங் கம்பெனியாரின் புதிய யுத்த விமானம் ஒன்று பரீட்சைக்காகக் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது, இருவர் மாண்டனர். ஓட்டியவரோ தேர்ச்சி மிக்க விமானி. நிலத்தில் நிற்கையில் வாற்பகுதி உறுப்புக்களை அசையாது நிறுத்தும் பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம். அதன்பின் விமானிகள், புறப்படுமுன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் ஒரு சிறு சீட்டை ஏற்படுத்திக்கொண்டனர்.

வைத்தியர்களும் இவ்வழியைக் கைக்கொண்டனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் ரண சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சீட்டொன்றை வெளியிட்டது. புது டில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதனைப் பரீட்சித்ததில், மரணம் 100-க்கு 1.5-லிருந்து 0.8 ஆகவும், சிகிச்சைக்குப் பின் நேரும் சிக்கல்கள் 100-க்கு 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009-ல் பிரசுரமாயிற்று.

"தலைமுறை தலைமுறையாக உழுதவனுக்குச் சீட்டு எதற்கு?" என்று சிலர் நகைக்கலாம். சீட்டு அறிவைத் தருவதற்கன்று. உள்ள அறிவை வேண்டிய நேரத்தில் நினைவூட்டுவதற்கே. எனினும் சீட்டை அச்சடித்தால் மட்டும் பயன் விளையாது. உத்தரப் பிரதேசத்தில் 120 ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்கெனச் சீட்டு ஒன்றைப் பரீட்சித்தனர். 2017-ல் வெளியான முடிவின்படி, செய்யவேண்டிய பணிகளைச் செய்வது விருத்தியடைந்தது. ஆனால் மரணம் குறையவில்லை. பயிற்றுவோர் வருகை நின்றபின் அந்த விருத்தியிலும் ஒரு பகுதி தளர்ந்தது. ஆகவே இலாகா ஊழியர்களாகிய நாம் இதனை இன்னொரு ரிஜிஸ்தராக்கிக் கையெழுத்து வாங்கிப் போவோமாயின், அது வீண் காகிதமே. புஞ்சைக்கு நேரில் சென்று, பருவந்தோறும் உடனிருந்து பழக்குதல் வேண்டும்.

தெளிப்பதற்கான சீட்டு ஆறு கேள்விகளுக்கு மேற்படலாகாது:

1. இந்த டேங்கு இதற்குமுன் எதற்குப் பயன்பட்டது? களைக்கொல்லிக்கெனில், வேறு டேங்கு எடுக்கவும்.
2. மருந்தின் பெயர், காலாவதித் தேதி, முக்கோணத்தின் நிறம் ஆகியவற்றைப் படித்தாயிற்றா? சிவப்பு கொடுமையிலும் கொடுமை.
3. இந்தப் பயிருக்குரிய அளவு எவ்வளவு? கண்மதிப்பாக ஊற்றாமல் அளந்தாயிற்றா?
4. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அணிந்தாயிற்றா?
5. காற்று எத்திசை நோக்கி வீசுகிறது? அப்பக்கம் யாருடைய பயிர் இருக்கிறது?
6. முடிந்தபின் டேங்கைக் கழுவி, அந்நீர் கிணற்றிலும் ஓடையிலும் சேராமல் பார்த்தாயிற்றா? தெளித்தவர் சோப்பிட்டுக் குளித்தாரா?

இவற்றை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் விடை கூறவேண்டும். படிக்க அறியாதவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யலாம். ஒன்றுக்கேனும் "இல்லை" என்ற விடை வரின், அது சரிசெய்யப்படும் வரை வேலை நிற்கவேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை கூலியாளுக்கும் உண்டு என்பதைப் புஞ்சைக்காரர் முன்னதாகவே ஒப்புக்கொள்ளுதல் அவசியம். விஷத்தைச் சுமப்பது அவர் முதுகு; சுவாசிப்பது அவர் மூச்சு. 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபதின்மருக்கு மேல் விஷமேறி மாண்டதை நாம் மறக்கலாகாது.

சீட்டுக்குச் செலவு ஒரு துண்டுக் காகிதம். படிக்க ஓரிரு நிமிஷம். இவ்வளவு எளியது என்பதற்காகவே இதனை அலட்சியம் செய்யாமல், வரும் பருவத்திலேயே ஒவ்வொருவரும் தம் டேங்கில் ஒட்டிவைத்துப் பயனடைவாராக.