கேனிஸ்டர் மேல பழி போடாதீங்க

"உப்புத் தண்ணி தொட்டிக்கு கேனிஸ்டர் ஃபில்டரா? வேண்டவே வேண்டாம், அது நைட்ரேட் ஃபேக்டரி!" சின்ன மரைன் டேங்க் வைக்க ஆசைப்படும் எல்லாருக்கும் கிடைக்கும் முதல் அட்வைஸ் இதுதான். அதுக்குப் பதிலா லைவ் ராக் போடச் சொல்வாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

லைவ் ராக் என்பது பெரும்பாலும் பவளப் பாறையின் பழைய எலும்புக்கூடு. அதன் துளைகளில் வாழும் பாக்டீரியாதான் தண்ணியைச் சுத்தம் பண்ணுது. வெளிநாட்டில் கடையில் வாங்கலாம். ஆனா இந்தியாவில் 2001 முதல் பவளப் பாறைகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல் 1-இல் இருக்கு. புலியும் அதே பட்டியலில்தான் இருக்கு. மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். நம்ம ஹாலை அழகாக்க கடலை உடைக்கணுமா?

சரி, அந்த பாக்டீரியாவுக்கு வேற வீடு வேணும். கேனிஸ்டருக்குள் போடும் செராமிக் வளையங்கள் அந்த வீடுதான். மீன் கழிவில் இருந்து அம்மோனியா, அதில் இருந்து நைட்ரைட், கடைசியா நைட்ரேட். இந்த வேலை எந்த ஃபில்டரிலும் நடக்கும். லைவ் ராக்கின் உள்பக்கம் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே கொஞ்சம் நைட்ரேட்டும் குறையும், கேனிஸ்டரில் அது நடக்காது என்பது உண்மைதான். ஆனா நைட்ரேட் எகிறுவதற்குப் பெரிய காரணம் வேற. ஸ்பாஞ்சில் சிக்கிய தீனியும் கழிவும் மூடிய டப்பாவுக்குள் மாசக்கணக்கில் அழுகுது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் திறப்பதில்லை.

எங்க ஊர் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி இருக்கு. அவ்வளவு பெரிய ஏரியே பராமரிப்பு இல்லாமல் தூர்ந்து சுருங்கிப் போச்சு. அதுக்காக ஏரி வெட்டினதே தப்புன்னு யாராவது சொல்வோமா?

அதனால என் கருத்து இதுதான்: கேனிஸ்டர் வாங்குங்க, ஆனா வாரம் ஒருமுறை திறங்க. 60 லிட்டர் டேங்க்னா வாரம் 6 லிட்டர் மாத்தணும். அதுக்கு ஆர்ஓ தண்ணியில் சுமார் 210 கிராம் மரைன் சால்ட். வெளியே எடுத்த பழைய தண்ணியிலேயே ஸ்பாஞ்சை அலசுங்க. குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தா பாக்டீரியா செத்துடும். செராமிக் வளையங்களை மொத்தமா ஒரே நாளில் கழுவாதீங்க.

நம்ம ஊருக்கே உரிய ஆபத்து கரண்ட் கட். மோட்டார் நின்னா மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். சில மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்ததும் அந்த நாத்தத் தண்ணி நேரா மீன் மேல பாயும். அதனால நீண்ட கட்டுக்குப் பிறகு திறந்து அலசிட்டுத்தான் ஆன் பண்ணணும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கைவசம் இருக்கட்டும்.

மீனும் கடலில் பிடிச்சதா வேண்டாம். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனை ஹேட்சரியில் குஞ்சு பொரிக்கவே வெச்சுக் காட்டியிருக்கு. அப்படி வளர்த்த மீனையே கேட்டு வாங்குங்க.

வாரம் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவங்களுக்கு எந்த ஃபில்டரும் உதவாது. அவங்க டேங்க் வாங்காம இருப்பதே மீனுக்கு நல்லது.