இரண்டு கிராபிக்ஸ் கார்டா? எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்ட் எது என்று கேட்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். எது என்று கேட்பவர்கள் குறைவு. கடைக்காரர் தரும் கொட்டேஷனில் அது கடைசி வரியில் இருக்கும். சில சமயம் கேபினட்டோடு இலவசமாகவே வந்துவிடும். லெட்டர் டைப் செய்யவும் படம் பார்க்கவும் இது போதும். ஆனால் இரண்டு கிராபிக்ஸ் கார்ட் போடுவதாக இருந்தால், அந்தக் கடைசி வரியை முதல் வரியாக எழுத வேண்டும் என்பது என் கட்சி.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர். ஊரில் இருக்கும் என் தம்பி, போளூர், திருவண்ணாமலைப் பக்கம் உள்ள கட்டட இன்ஜினியர்களுக்கு வீட்டு எலிவேஷன் படங்களை பிளெண்டர் சாப்ட்வேரில் செய்து தருகிறான். ரெண்டரிங் ஆரம்பித்தால் இரவு முழுக்க ஓடும். சீக்கிரம் முடிய இன்னொரு கார்ட் வேண்டும் என்றான்.

கேம்ஸ் விளையாட என்றால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். இரண்டு கார்டுகளைச் சேர்த்து கேம்ஸை ஓட்டும் எஸ்.எல்.ஐ. வசதியை என்விடியா 2004ல் கொண்டு வந்தது. 2021 தொடக்கத்திலிருந்து அதற்குப் புதிய டிரைவர் புரொபைல் தருவதை நிறுத்திவிட்டது. ஆனால் பிளெண்டருக்கு எஸ்.எல்.ஐ. தேவையில்லை. மதர்போர்டில் இடமிருந்தால் இரண்டு கார்டுகளையும் தனித்தனியே பயன்படுத்திக்கொள்ளும்.

அவனிடம் இருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 500 வாட் என்று பெரிதாக ஸ்டிக்கர். திருப்பி, பொடி எழுத்தில் உள்ள லேபிளைப் பார்த்தேன். 12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்பியர் போட்டிருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். எனவே கடையில் வாட் கேட்காதீர்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். ஒழுங்கான 750 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது ஏறக்குறைய 62 ஆம்பியர் இருக்கும்.

நமக்கு எவ்வளவு வேண்டும்? தம்பி யோசித்தது ஆர்.டி.எக்ஸ். 3060 கார்ட் இரண்டு. ஒன்றுக்கு 170 வாட், ஆக 340. அவனுடைய ஐ5 12400 பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். மதர்போர்டு, ராம், டிஸ்க், பேன் எல்லாவற்றுக்கும் ஒரு 60 வைத்துக்கொள்ளுங்கள். 517 ஆகிறது. கார்டுகள் கண நேரத்துக்கு இதைவிட அதிகமாக இழுக்கும் என்பதால் 750 வாட் சொன்னேன்.

"அவ்வளவு பெருசா போட்டா கரண்ட் பில் ஏறிடாதாண்ணா?" என்று கேட்டான். பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஏறாது. உள்ளே எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எஸ்.எம்.பி.எஸ். இழுக்கும். மாற்றும்போது சூடாகி வீணாவது மட்டும் கூடுதல். 80 பிளஸ் முத்திரை உள்ளதை வாங்கினால் அந்த வீணும் குறையும்.

சிட்டியில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. மாலையில் ஸ்டெபிலைசர் மீட்டரின் முள் 170க்கு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்த மலிவு எஸ்.எம்.பி.எஸ்.கள் இந்த வோல்டேஜில் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அந்த சுவிட்சைத் தெரியாமல் 115க்குத் தள்ளினால் வெடித்தே போகும். லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்ட, ஆக்டிவ் பி.எப்.சி. உள்ள மாடலை வாங்குங்கள். 170க்கெல்லாம் அது அசையாது. கார்டுக்கு ஒன்று வீதம் தனித்தனி 8 பின் கேபிள் வருகிறதா என்றும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் கேபிளில் கன்வெர்ட்டர் மாட்டி கார்டுக்குக் கரண்ட் தரும் வித்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கேபிள் உருகும்.

அடுத்தது யு.பி.எஸ். வழக்கமாக வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது 360 வாட்தான். இரண்டு கார்டும் ஓடும்போது சுவரிலிருந்து 570, 580 வாட் போகும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்திவிட்டு அணைந்துவிடும். 1100 வி.ஏ. என்றாலும் பெரும்பாலும் 660 வாட்தான், இறுக்கம். அதற்கு மேல் போனால் நல்லது. ஆக்டிவ் பி.எப்.சி. சில சாதாரண யு.பி.எஸ்.களோடு ஒத்துப்போகாது. முடிந்தால் சைன் வேவ் வகை வாங்குங்கள். முடியாவிட்டால் கடையிலேயே இரண்டையும் இணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். மலையிலிருந்து இறங்கி மாற்றிக்கொண்டு வர ஒரு நாள் போய்விடும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது தம்பியின் பணம் இரண்டாவது கார்டுக்குப் போதவில்லை. முகம் வாடினான். ஒரு கார்டை வைத்து ராத்திரி முழுக்க ரெண்டர் செய்யலாம்; இரண்டு கார்டை வாங்கி மட்டமான பெட்டியில் மாட்டி, அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனால் இன்ஜினியர்களுக்கு யார் பதில் சொல்வது என்றேன். 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டாகிவிட்டது. இரண்டாவது 8 பின் கேபிள் கேபினட்டுக்குள் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறது. சாமை அறுவடை முடிந்ததும் அப்பா மீதிப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.