கட்டைவிரல் கால்பந்து

விடுதி அறைதோறும் இன்று கால்பந்து நடக்கிறது. காலால் அன்று, கட்டைவிரலால்! 1993-இல் ‘ஃபிஃபா’ என்று பிறந்து, 2023 முதல் ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.’ எனப் பெயர் மாறிய கணினி விளையாட்டு அது. பழிக்க வரவில்லை, நானும் ஆடுகிறேன், பெரும்பாலும் தோற்கிறேன்.

உறுத்துவன அதன் எண்கள்தாம். ஆட்டக்காரனின் வேகம், குறி, வலிமை அனைத்தையும் அளந்து மதிப்பெண் இட்டிருக்கிறார்கள். அறிவியல் மாணவனுக்கு அளவை இனிக்கத்தான் செய்யும். ஆனால் அளப்பவன் கண்ணில் பட்டவனுக்குத்தானே அளவு? 2021-இல் வெளியான பதிப்பில் இந்தியன் சூப்பர் லீக் சேர்ந்தது; சென்னையின் எஃப்.சி. வீரர்க்கும் எண் கிடைத்தது. நான் வளர்ந்த கார் நிக்கோபாரில், ஈர மணலில் வெறுங்காலோடு பந்தை விரட்டும் இளைஞர்க்கு எண் இல்லை. ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் அத்தீவில் புகுத்திய ஆட்டம் அது. 2004-இல் ஆழிப்பேரலை ஊர்களை வாரிச் சென்ற பின்னும் ஓயாத ஆட்டம்!

2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் அங்கே எட்டியது. மெஸ்ஸி தீவுக்குள் வந்துவிட்டார், திரையில். தீவின் ஆட்டத்தைக் காண இங்கிருந்து யார் கப்பல் ஏறுவது? விடுமுறையில் நம் பல்கலைக்கழக அணி போகட்டுமே! பழங்குடிக் காப்புப் பகுதியாதலால் அனுமதிச் சீட்டு வேண்டும்; அந்த அலைச்சல் என் பொறுப்பு.