குருவிக்கு வைக்கும் அரிசியும் வளவு அணிலும்



இம்மாதம் நான் எழுதப் போவது சின்ன விடயம் போலத் தோன்றலாம். முற்றத்தில் குருவிகளுக்கென்று வைக்கும் அரிசியை அணில் தின்றுவிட்டுப் போகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் கேள்வி. வன்னிப் பக்கத்து மாதர் சங்கக் கூட்டங்களில் சேமிப்புக் கணக்கும் கோழி வளர்ப்பும் பேசி முடிந்து, எல்லோரும் எழும்பும் நேரத்தில் இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் இது சிரித்து விட்டுவிடக் கூடிய கேள்வி அல்ல என்பதை இக்கட்டுரையின் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

2009 இற்குப் பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது பல வளவுகளில் நிழலுக்கு ஒரு மரமும் நிற்கவில்லை. தலையிழந்த பனைகளும் தென்னைகளும்தான் நின்றன. மரமில்லாத வளவில் குருவி தங்காது. நட்டு வைத்த முருங்கையும் மாவும் வளர்ந்து, புலுனியும் மைனாவும் புள்ளிப்புறாவும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததைக் கணக்கோடு சொல்லும் பெண்களை நான் அறிவேன். விரத நாளில் காகத்துக்குச் சோறு வைப்பதும், விறாந்தையில் முட்டி கட்டிச் சிட்டுக்குருவிக்கு இடம் கொடுப்பதும் எமது பழைய வழக்கங்கள். தனியே வாழும் ஒரு பெண்ணுக்குக் காலையில் ஒரு பிடி குறுணல் அரிசியை முற்றத்தில் வைப்பது, அன்றைய நாளைத் தொடங்கி வைக்கும் வேலையாக இருக்கிறது. வெறும் பொழுதுபோக்கென்று அதைச் சொல்ல முடியாது.

ஆனால் அரிசி காசு கொடுத்து வாங்கும் பொருள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரிசி விலை ஏறியதை நாங்கள் மறக்கவில்லை. குருவிக்கென்று வைப்பது குருவிக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணுவதில் பிழையில்லை.

முதலில் அணிலை அறிந்துகொள்வோம். எமது வளவு அணில் சுமார் 100 கிராம் நிறையுள்ள சின்னப் பிராணி. அதன் முதுகில் மூன்று வெளிர் கோடுகள் உண்டு. இலங்கைக்குப் பாலம் கட்டியபோது மணல் சுமந்து உதவியதற்காக இராமர் தடவிக் கொடுத்த விரல் அடையாளம் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்வோம். அது பகலில் மட்டுமே நடமாடும். இரவில் கூட்டில் தூங்கும். ஆகவே இரவில் தட்டிலிருந்து அரிசி காணாமற் போனால் அணிலின் மேல் பழி போட வேண்டாம். அது எலியின் வேலை.

அணில் தட்டுக்கு மூன்று வழிகளில் வரும். தரையிலிருந்து கம்பத்தில் ஏறும். பக்கத்து மரக்கிளை, வேலி, கூரை ஆகியவற்றிலிருந்து தாவும். தட்டு கயிற்றில் தொங்கினால் அந்தக் கயிற்றின் வழியே இறங்கும். ஒரு வழியை மட்டும் அடைத்துவிட்டு இருந்தால் மற்ற வழியால் வந்துவிடும். பலர் செய்து பார்த்துச் சலித்துப் போவதற்குக் காரணம் இதுதான். அணிலை ஏறவிட்ட நாயைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அது ஏறுவதற்கு முன்னரே மூன்று வழிகளையும் அடைப்பது நல்லது.

முதலாவது, இடம். அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் பறவைத் தட்டு வைப்போர் 5, 7, 9 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தட்டு நிலத்திலிருந்து 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மரம், வேலி, சுவர் எதிலிருந்தும் 7 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மேலே கிளை இருந்தால் அது தட்டிலிருந்து 9 அடிக்கு மேல் இருக்க வேண்டும். அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டது அங்குள்ள சாம்பல் அணிலுக்கு. அது எமது அணிலைவிட நாலைந்து மடங்கு நிறையானது. அந்த அணிலைத் தடுக்கும் தூரம் எமது அணிலுக்குப் போதும். ஆகவே மாமரத்தடியில் வைக்காமல் முற்றத்தின் வெளியான பக்கத்தில் கம்பம் நடுங்கள்.

இரண்டாவது, தகரம். தென்னைக்குத் தகரம் அடிப்பது எமக்குத் தெரிந்த வேலை. எலியும் அணிலும் குரும்பையைக் கடிக்காமல் இருப்பதற்காக மரத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தை அடிக்கிறோம். நகம் பிடிபடாமல் அவை வழுக்கி விடுகின்றன. அதே முறையைக் கம்பத்துக்கும் செய்யலாம். தட்டுக்குக் கீழே ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை தகரத்தைச் சுற்றி இறுக்குங்கள். தகரத்தின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து மூன்றடிக்கு மேல் இருக்கட்டும். ஓரங்களை மடித்துத் தட்டிவிட்டால் கையையும் வெட்டாது, குருவியின் காலையும் வெட்டாது. தென்னையில் தகரம் அடித்தும் ஓலை பக்கத்து மரத்தோடு முட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை அல்லவா? இங்கும் அப்படித்தான். இடமும் தகரமும் சேர்ந்தால்தான் பலன். மரக்கம்பத்துக்குப் பதிலாகப் பழைய பீவீசி குழாய் கிடைத்தால் அதன் வழுவழுப்பும் உதவும்.

மூன்றாவது, தொங்கும் தட்டு. கம்பம் நட இடமில்லாதவர்கள் இரண்டு முனைகளுக்கு இடையே மெல்லிய கம்பி இழுத்து, நடுவில் தட்டைத் தொங்கவிடலாம். கம்பியைக் கட்டுவதற்கு முன் தட்டின் இரு பக்கமும் வெறும் பிளாஸ்ரிக் போத்தல்களை, அடியில் துளையிட்டு, மணி கோப்பது போல மூன்று நான்காகக் கோத்து விடுங்கள். அணில் கம்பியில் நடந்து வந்து போத்தலில் கால் வைத்ததும் அது சுழன்று கீழே தள்ளிவிடும். 100 கிராம் பிராணிக்கு அந்த விழுகையால் காயம் வராது. உடுப்புக் காயப்போடும் கயிற்றில் மட்டும் தட்டைக் கட்ட வேண்டாம். அது அணிலுக்குப் போட்ட பாதை.

நான்காவது, அளவு. குருவிகள் அரை மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் அளவை மட்டும் வையுங்கள். நாள் முழுவதும் தட்டு நிறைந்திருந்தால் அணில் அதைத் தன் கடையாக்கிக்கொள்ளும். பின்னேரம் தட்டைத் தட்டிக் கவிழ்த்து, கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளிவிடுங்கள். இரவில் கிடக்கும் தானியம் எலியை அழைக்கும். எலியின் பின்னால் பாம்பு வரும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2008 இல் இலங்கையில் பெருமளவில் பரவியது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்திலும் அதனால் உயிர்கள் போயின. குருவிக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியையும் நாளாந்தம் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

ஐந்தாவது, மிளகாய்த்தூள். இது பலருக்குப் புதினமாக இருக்கும். மிளகாயின் உறைப்பு பாலூட்டிகளின் வாயைத்தான் எரிக்கும். பறவைகளுக்கு அந்த எரிவு தெரியாது. கிளி மிளகாய்ப் பழத்தை ஆறுதலாக இருந்து தின்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நடாமலே வேலியோரத்தில் முளைக்கும் மிளகாய்க் கன்று குருவியின் எச்சத்தில் வந்த விதையாக இருக்கலாம். ஆகவே குறுணல் அரிசியில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறி, மிளகாய்த்தூளையும் சேர்த்து வைத்தால் அணில் வாய் வைத்துவிட்டு விலகும். எண்ணெய் சேர்ப்பது தூள் பறந்து குருவியின் கண்ணிலும் உங்கள் கண்ணிலும் விழாமல் இருப்பதற்காக. கலந்த கையைக் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். சில அணில்கள் பசியில் உறைப்பையும் பழகிக்கொள்ளும். ஆகவே இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் கீழே சிந்தும் மணிகளை அணில் பொறுக்கத்தான் செய்யும். அதை விட்டுவிடலாம். வளவின் மறு ஓரத்தில் ஒரு சிரட்டையில் பழத்தோலோ தேங்காய்ப்பூவின் சக்கையோ வைத்தால் சில அணில்கள் அங்கேயே நின்றுவிடும்.

இனிச் செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறேன். கம்பத்துக்கு கிரீஸ் பூசாதீர்கள். அது குருவியின் இறகில் ஒட்டினால் அதனால் பறக்க முடியாது. ஒட்டும் பசைப் பலகையும் வேண்டாம், அதில் குருவியும் அகப்படும். மின்கம்பி இழுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். கம்பத்துக்குத் தடி வெட்டவென்று மிதிவெடிச் சிவப்புப் பலகை உள்ள பற்றைக்குள் இறங்க வேண்டாம். வளவில் கொத்தும்போது வரும் இரும்புக் கோது எதையும், தட்டுக்கு உதவும் என்று கையில் எடுக்க வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நஞ்சு. ஒரு கூட்டம் முடிந்து வெளிக்கிடும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, குருவிக்கு வைக்கிறது முழுக்க அணில்தான் தின்னுது. கடையில எலிக்கு வைக்கிற மருந்து இருக்காம். கொஞ்சம் வாங்கி அரிசியோட கலந்து வைச்சா என்ன?"

"அம்மா, அந்த அரிசியை முதலில ஆர் தின்னும்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "குருவிதான்" என்றார். பிறகு, "என்ர கோழியும்" என்றார்.

அதுதான் உண்மை. நஞ்சுக்கு அணிலென்றும் குருவியென்றும் தெரியாது. நஞ்சு தின்று கிடக்கும் அணிலைக் காகம் கொத்தும், பூனை தின்னும். முட்டை விற்றுப் பிள்ளையின் கொப்பிக்குக் காசு சேர்க்கும் வீட்டில் நாலு கோழி செத்தால் நட்டம் யாருக்கு? தவழும் பிள்ளை உள்ள வீட்டில் நிலத்தில் கிடக்கும் ஒரு மணி போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த அம்மா வீட்டுத்திட்ட வீட்டில் தனியே இருப்பவர். மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். அணிலுக்கென்று வாங்கும் நஞ்சில் கொஞ்சம் வைத்தபின் மிச்சம் எங்கே இருக்கும்? வீட்டுக்குள், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். எம்மில் பலருக்கு இரவுகள் பாரமானவை. நினைவு நாட்கள் வரும், கடன்காரர் வருவார், யாரோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். அப்படியான ஒரு நேரத்தில் அந்தப் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எமது நாடே இதற்குச் சான்று. 1990களின் நடுப்பகுதியில், உலகில் மிக அதிகமானோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. அதில் பெரும் பங்கு விவசாய வீடுகளில் இருந்த கிருமிநாசினிகளால் ஏற்பட்டது. 1984, 1995, 1998 ஆம் ஆண்டுகளிலும் பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 2015 ஆம் ஆண்டளவில் அந்த இறப்பு விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் எமது துயரங்கள் குறையவில்லை, போர்கூட 2009 வரை நடந்தது. ஆனால் மனம் உடைந்த அந்த நேரத்தில் கொடிய நஞ்சு கைக்கு எட்டாதபோது பலர் உயிர் தப்பினார்கள். அப்படியான நேரம் கடந்து போகும். கடந்த பின் மனிதர் வாழ்கிறார்கள்.

அந்த அம்மாவின் முற்றத்தில் சங்கத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து கம்பம் நட்டார்கள். பழைய கூரைத் தகரத்தில் ஒரு துண்டு, உடைந்த சுளகொன்று, கொஞ்சக் கட்டுக்கம்பி, இவ்வளவுதான் செலவு. ஒரு காலை வேலை. அந்த வேலையின் சாட்டில் அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்து, கனகாலத்துக்குப் பிறகு அவரோடு ஆறுதலாக இருந்து கதைத்தார்கள். இப்போதும் அந்தப் பக்கம் போனால் உள்ளே எட்டிப் பார்த்து, "குருவி வந்ததோ அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் இப்படிச் செய்யலாம். தனியே இருக்கும் ஒருவரின் முற்றத்தைத் தெரிந்தெடுத்து ஒரு தட்டு நட்டுக் கொடுங்கள். வீட்டில் ஏற்கெனவே எலிமருந்தோ பயிருக்கு அடிக்கும் மருந்தோ இருந்தால் அதைப் பூட்டி, சாவியை நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுங்கள். தேவை முடிந்துவிட்டதென்றால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு முறையாக அகற்றுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மனம் மிகவும் பாரமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அழைக்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எம்மிடமோ ஒரு சொல் சொல்லுங்கள். நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.