நான்கு எழுத்தும் நாலு பேர் சிரிப்பும்

ஓ, யூ, ஜி, எச். ஆங்கிலத்தில் இந்த நான்கு எழுத்தும் இதே வரிசையில் சேர்ந்து வரும் சொற்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். 'ஆனாலும்' என்று பொருள் தரும் சொல்லில் அது 'தோ'. 'வழியாக' என்றால் 'த்ரூ'. இருமலுக்கு 'காஃப்'. கடினத்துக்கு 'டஃப்'. மரக்கிளைக்கு 'பவ்'. எண்ணத்துக்கு 'தாட்'. முழுமையான என்பதற்கு 'தர', அதுவும் கடைசி ஒலி காதில் விழுந்தும் விழாமலும். விக்கலுக்கு 'ஹிக்கப்'. நான்கே எழுத்து, எட்டு விதமான ஒலி!

இதில் ஒன்றை ஒருவர் மாற்றிச் சொல்லிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். அந்த மனிதரின் படிப்பு, அறிவு, குடும்பம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லை வைத்தே எடை போட்டுவிடுகிறோம். வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நம்மை விட்டுப் போகாத வியாதி இது. இந்தச் சிரிப்பில் துளியும் நியாயம் இல்லை என்பதே என் கட்சி.

நான் வங்கியில் வேலை பார்த்தபோது, விவசாயக் கடன் பிரிவில் ஒரு நண்பர் இருந்தார். மூன்று தலைமுறையாக ஏர் பிடித்த குடும்பம். ஒரு கூட்டத்தில் கடன் அறிக்கையை வாசிக்கும்போது ஏரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'ப்ளஃப்' என்று படித்தார். மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதன்பிறகு அந்த நண்பர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. எந்த மண்ணுக்கு எந்த மாதம் உழவு, எந்தக் கடன் திரும்பும், எது திரும்பாது என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நஷ்டம் யாருக்கு?

அவர் படித்ததில் என்ன தவறு? 'டஃப்', 'ரஃப்', 'எனஃப்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதே எழுத்துக்களைக் கண்டதும் 'ப்ளஃப்' என்றார். அவர் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒழுங்கில்லாதது அந்த எழுத்துக்கூட்டு!

அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் தொண்டையிலிருந்து காறுவதுபோல் ஓர் ஒலி இருந்தது. ஜெர்மானியர் இரவை 'நாஹ்ட்' என்றும் மகளை 'டோஹ்டர்' என்றும் சொல்லும்போது இன்றும் அந்த ஒலியைக் கேட்கலாம். ஸ்காட்லாந்துக்காரர் ஏரியை 'லோஹ்' என்பதிலும் அது இருக்கிறது. அந்த ஒலிக்குத்தான் ஜி, எச் என்று சேர்த்து எழுதினார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல உறைந்துபோயிற்று. நாக்கு உறையவில்லை. அந்தக் காறல் ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று. உயிர் ஒலிகளும் இடம் மாறின. எழுத்து மட்டும் பழைய சட்டையைக் கழற்றவில்லை.

நமக்கு இது புரியாத விஷயமா? நம்மில் எத்தனை பேர் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறோம்! எழுதும்போது மட்டும் ழகரம் தவறுவதில்லை. ஆங்கிலேயரின் ஜி-எச் அவர்களுடைய ழகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு கைவிட்டதைக் கை விடவில்லை.

இன்னொரு வேடிக்கை. விக்கலுக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்தது 'ஹிக்கப்' என்று ஒலிக்கிறபடியே எழுதிய எளிய வடிவம்தான். இருமலுக்கும் இதற்கும் உறவு என்று யாரோ தவறாக நினைத்து, இருமலின் எழுத்துக்களை இதற்கும் ஒட்டவைத்தார்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் ஜி-எச் இருந்ததே இல்லை. 'லைட்' என்ற சொல்லைப் பார்த்துச் சொருகியது. அவர்கள் செய்த பிழைக்கு அகராதியில் இடம். நம் பிள்ளை பிழை செய்தால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும்!

அமெரிக்காவில் இதைச் சீர்செய்யப் பார்த்தார்கள். 1906இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய எழுத்தில் அச்சிட அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். 'தோ', 'த்ரூ' எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த ஆண்டே நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. ஆனாலும் ஏருக்கு இந்த நான்கு எழுத்து வேண்டாம் என்று அமெரிக்கர் சுருக்கி எழுதுகிறார்கள், அதை யாரும் பிழை என்பதில்லை. என் நண்பர் அங்கே பிறந்திருந்தால் தடுமாறியிருக்கவே மாட்டார்.

"அப்படியானால் யார் எப்படி வேண்டுமானாலும் உச்சரிக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. சரியாகச் சொல்லத்தான் கற்க வேண்டும். அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமே தவிரச் சிரிக்கக்கூடாது. 'தாட்', 'பாட்', 'ப்ராட்', 'ஃபாட்', 'சாட்' ஐந்தையும் ஒரே குடும்பமாக வைத்துச் சொல்லிக்கொடுங்கள். வறட்சி என்ற பொருளில் வரும் 'ட்ரவ்ட்' மட்டும் அந்தக் குடும்பத்தில் சேராத பிள்ளை என்று சொல்லுங்கள். குழந்தைக்கு ஆயுசுக்கும் மறக்காது. நம் வகுப்புகளில் நடப்பதோ அகரவரிசைப் பட்டியல், டிக்டேஷன், பிழைக்குப் பத்து முறை இம்போசிஷன்.

"தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? 'க' ஒன்றுக்கே கடல், தங்கம், பகல் என்று மூன்று ஒலி இல்லையா?" என்றும் சிலர் மடக்குவார்கள். உண்டு. ஆனால் சொல்லின் முதலில் வந்தால் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் வந்தால் ஒன்று, உயிருக்கு இடையில் வந்தால் ஒன்று என்று இடம் பார்த்து மாறுகிறது. விதி சொல்லிக்கொடுக்காமலே ஐந்து வயதுப் பிள்ளை சரியாக வாசிக்கிறது. 'தோ', 'த்ரூ', 'டஃப்' மூன்றுக்கும் அப்படி ஒரு விதி சொல்லுங்கள் பார்க்கலாம்.

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேரனோ பேத்தியோ வாசிக்கும்போது ஒரு சொல் இடறினால் சிரிக்காதீர்கள். "ஏன் தாத்தா இப்படி?" என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்று வாயை அடைக்காதீர்கள். காக்ஸ்டன் கதையைச் சொல்லுங்கள், வாழைப்பழத்தைச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் ஓர் ஆங்கிலச் சொல்லை மாற்றிச் சொன்னால், இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொல்லிவிட்டு, அவர் சொல்ல வந்த விஷயத்தைக் கேளுங்கள்.