ரயில் வந்தவுடன் பணம் வரும் உலகம்

எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வந்த இளைஞர் ஒருவரிடம், தொழிலில் பணத்தைக் கையாள எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல் ஒரு கணினி விளையாட்டின் பெயரைச் சொன்னார். பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் இரண்டு சி.என்.சி. கடைசல் இயந்திரங்களை வைத்துப் பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுப்பவர் அவர். பொறியியல் பட்டதாரி, பேரேட்டைக் கண்ணால் கண்டிராதவர். "கடன் வாங்கித் தொழிலைப் பெருக்குவது எப்படி என்று எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும் சார்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்பது, அந்த விளையாட்டை நானே சில வாரங்கள் ஆடிப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று.

அவர் குறிப்பிட்டது 'டிரான்ஸ்போர்ட் டைகூன்'. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் என்பவர் உருவாக்கி 1994-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் எழுதிய 'ஓப்பன் டி.டி.டி.' என்னும் வடிவம் 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் நம் பணம் ஒரு ரூபாயும் புழங்குவதில்லை. ஆடுபவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் உரிமையாளர். தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, இரயில் வாங்கி, சுரங்கத்து நிலக்கரியை மின் நிலையத்தில் சேர்த்தால் கூலி கிடைக்கும். அதைக்கொண்டு அடுத்த தடத்தை அமைக்க வேண்டும்.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் முதலில் என் கருத்தைக் கவர்ந்தது, தொடக்கத்தில் கையில் இருக்கும் ஒரு லட்சம் பவுண்டு முழுவதுமே கடன் என்பது. சொந்த முதல் ஒரு காசும் கிடையாது. (எந்த வங்கி அப்படிக் கொடுக்கும் என்று கேட்கத் தோன்றியது, அதைப் பெரிதுபடுத்தவில்லை.) ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. எனவே, அழகான நிலையங்களைக் கட்டி மகிழ்பவர் முதலாண்டிலேயே திணறுகிறார். முதல் தடம் எதுவாக இருக்க வேண்டும், அது எத்தனை மாதத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்று கணக்கிடுபவரே தப்பிக்கிறார்.

சரக்குக் கூலி கணக்கிடப்படும் விதமும் நுட்பமானது. புறப்பட்ட நிலையத்துக்கும் சேர்ந்த நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவுக்கே கூலி. மலையைச் சுற்றி எவ்வளவு நீளமாகத் தண்டவாளம் போட்டாலும் அந்தச் சுற்றுக்குப் பணம் இல்லை. தாமதமானால் கூலி குறையவும் செய்யும். நம்முடைய வீண் உழைப்புக்கு வாடிக்கையாளர் விலை கொடுப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. சரக்கு நிறையட்டும் என்று நிலையத்தில் காத்து நிற்கும் இரயிலுக்கும் ஓட்டச் செலவு ஏறிக்கொண்டே இருக்கிறது. இரயில்களுக்கு வயது ஆகிறது. பழைய வண்டி நடுவழியில் நின்றால் பின்னால் வரும் புதிய வண்டியும் நிற்கிறது. இலாபத்தையெல்லாம் புதுத் தடத்தில் போட்டுவிட்டு, பழைய வண்டிகளை மாற்றுவதற்கு எதுவும் எடுத்து வைக்காதவருக்குத் தேய்மானம் என்ற சொல்லின் பொருள் அன்றைக்குப் புரியும். ஒரே சுரங்கத்தை நம்பிப் பத்து இரயில்கள் ஓட்டினால், அந்தச் சுரங்கம் மூடப்படும் செய்தி ஒரு நாள் திரையில் வரக்கூடும். எனக்கு வந்தது.

கடனைப் பற்றி விளையாடுவோரிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒருசாரார் முதல் நாளே உச்சவரம்பு வரை கடன் வாங்கிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் கையில் பத்தாயிரம் பவுண்டு சேர்ந்தவுடன் அதைக் கடனில் கட்டிவிட்டு, அடுத்த மாதச் செலவுக்கு மீண்டும் வாங்குகிறார்கள். நம் வாடிக்கையாளர்களிலும் இவ்விரு வகையினரையும் நாள்தோறும் காண்கிறேன். முதல் வகையினரைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இரண்டாம் வகையினரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடன் இல்லை என்ற பெருமையில் கையிருப்பையும் இல்லாமல் ஆக்கிக்கொண்டு, ஒரு மாதச் சம்பளத்துக்குத் தனியாரிடம் கைமாற்றுக்குப் போகிறவர்கள் அவர்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்த இளைஞரின் விண்ணப்பத்தை அப்படியே பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. காரணம் அந்த விளையாட்டிலேயே இருந்தது. அதில் இரயில் சரக்கை இறக்கிய அந்தக் கணமே பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லும் மின் நிலையம் அங்கே இல்லை. கடன் விற்பனை இல்லை. வரவேண்டிய பாக்கி இல்லை. ஆகவே நடைமுறை மூலதனம் என்ற எண்ணமே இல்லை. அங்கே விற்பனையும் வரவும் ஒன்றுதான். வளர வேண்டுமானால் இன்னோர் இரயிலை வாங்கினால் போதும்.

அவர் என்னிடம் கேட்டதும் இன்னோர் இரயிலைத்தான்: மூன்றாவது கடைசல் இயந்திரத்துக்குக் கடன். மாத விற்பனையை இரட்டிப்பாக்கும் கொள்முதல் ஆணை ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. இருக்கும் இயந்திரங்கள் ஒரு ஷிப்டுதான் ஓடுகின்றன. இரண்டாம் ஷிப்டு வைத்தாலே அந்த ஆணையை முடித்துவிடலாம் என்பதை விசாரித்து அறிந்தேன். அப்படியானால் குறை இயந்திரத்தில் இல்லை. வேறு எங்கே என்பதைக் காண ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

தொகைகளை முழுமையாக்கித் தருகிறேன். மாத விற்பனை 10 லட்சம் ரூபாய். உலோகம், கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்ந்து செலவு 9 லட்சம். அது அந்தந்த மாதமே ரொக்கமாகப் போய்விடும். வாங்குவோர் பணம் தருவது 90 நாள் கழித்து. புதிய ஆணையால் விற்பனை 20 லட்சமாகிறது. செலவு 18 லட்சமாகிறது. இலாப நட்டக் கணக்கில் மாதம் 2 லட்சம் இலாபம், எவரும் மகிழத்தக்கதே. ஆனால் முதல் மூன்று மாதமும் கைக்கு வருவது பழைய விற்பனைக்கான 10 லட்சம் மட்டுமே. மாதந்தோறும் 8 லட்சம் பற்றாக்குறை. மூன்று மாதத்தில் 24 லட்சம். நான்காம் மாதத்திலிருந்துதான் 20 லட்சம் வரத் தொடங்கும். அப்போது மாதம் 2 லட்சம் மிஞ்சும். விழுந்த பள்ளத்தை நிரப்ப அதன் பின்னர் பன்னிரண்டு மாதங்கள் வேண்டும். வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. இதற்கிடையே, விற்பனை இரட்டிப்பான உற்சாகத்தில் அவர் மூன்றாவது இயந்திரத்தையும் வாங்கியிருந்தால் அதன் தவணை வேறு.

தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இலாபத்தில் இருக்கும்போதே திவாலாக முடியுமா சார்?" என்று கேட்டார். முடியும். இருபது ஆண்டுப் பணியில் நான் கண்ட வாராக்கடன்களில், விற்பனை இல்லாமல் விழுந்தவர்களைவிட விற்பனை வேகமாக ஏறியபோது விழுந்தவர்கள் என் நினைவை அதிகம் உறுத்துகிறார்கள். அவர்களுடைய சரக்கில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. காசோலை திரும்பிய பிறகு வங்கிக்கு வந்தார்கள் என்பதே குறை. அந்த நிலையில் வருபவருக்கு வங்கியால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

முன்கூட்டியே வந்தால் வழி உண்டு. சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனம் கணக்கிட, நாயக் குழு பரிந்துரைத்த முறையை வங்கிகள் பின்பற்றுகின்றன. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று கொண்டு, 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை உரிமையாளரும் ஏற்பது அம்முறை. இவருடைய ஆண்டு விற்பனை 1.2 கோடியிலிருந்து 2.4 கோடிக்கு உயரும்போது வங்கியின் பங்கு 24 லட்சத்திலிருந்து 48 லட்சமாகிறது. அவர் கேட்காத இந்தக் கடன்தான் அவருக்குத் தேவைப்பட்ட கடன். அதற்கு அவர் தம் பங்காக இன்னும் 6 லட்சம் போட வேண்டும் என்றதும் முகம் சற்று வாடியது உண்மை.

வாங்குவோர் சொல்லும் 90 நாளையும் இயற்கை நியதிபோல் ஏற்க வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் சரக்கை ஏற்றவர், எழுத்தில் எந்த ஒப்பந்தம் செய்திருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். உத்யம் பதிவு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்கலாம். கேட்பவர் மிகச் சிலரே. கேட்டால் அடுத்த ஆணை வராது என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தைச் சட்டத்தின் வாசகத்தால் மட்டும் போக்கிவிட முடியாது என்பதை அறிவேன். அத்தகையோருக்கு 'டிரெட்ஸ்' மின்தளம் உதவும். வாங்கிய நிறுவனம் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கிகள் அதற்கு ஏலத்தில் விலை கூறும். சிறு தொழிலர் சிறு கழிவுடன் சில நாட்களிலேயே பணம் பெறலாம். பிறகு அந்த நிறுவனம் தராவிட்டாலும் அந்தப் பொறுப்பு இவருடையதன்று. ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அத்தளத்தில் பதிவு செய்வது இப்போது கட்டாயம்.

பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடுகிறார்களே என்று கவலைப்படும் பெற்றோருக்கு என் கருத்து: ஆடட்டும். அளவோடு ஆடினால், வட்டி, தேய்மானம், சும்மா நிற்கும் முதலின் செலவு ஆகியவை மனப்பாடமின்றியே மனத்தில் பதியும். ஆனால் கடை வைத்திருக்கும் வீடானால், மாதம் ஒரு முறை பாக்கி நோட்டையும் அந்தப் பிள்ளையின் முன் திறந்து வையுங்கள். யார் எப்போது வாங்கினார், எப்போது தருவதாகச் சொன்னார், எப்போது தந்தார் என்பதை அதுவே எழுதட்டும். கணினி காட்டாத பக்கம் அது.

அந்த இளைஞர் இயந்திரக் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, ரொக்கக் கடன் வரம்பை உயர்த்தக் கேட்டு எழுதினார். வாங்கும் நிறுவனத்திடம் பேசிப் புதிய ஆணைக்கு 45 நாள் தவணையை எழுத்தில் வாங்கினார். அதனால் 24 லட்சப் பள்ளம் தாளில் 12 லட்சமாகச் சுருங்கியது. சென்ற மாதம் வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பில் எண், தேதி, தொகை, தர வேண்டிய நாள், தந்த நாள் என்று ஐந்து பத்திகள். முதல் பில்லுக்கான பணம் 61-ஆம் நாள் வந்திருந்தது. இரண்டாவது பில்லுக்கு 48-ஆம் நாள். மூன்றாவதற்கு எதிரே கடைசிக் கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்.